பாடியை மாற்றும் முன் லென்ஸைப் பாருங்கள்

கல்யாண மண்டபத்தில் எடுத்த படங்கள் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. மார்கழிக் கச்சேரியில் மிருதங்கக்காரரின் கை கலங்கிப்போயிருக்கிறது. வேடந்தாங்கலில் எடுத்த நாரை, படத்தின் மூலையில் ஒரு வெள்ளைப் பொட்டாக நிற்கிறது. உடனே "கேமரா பழசாயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்று தோன்றும். கடைக்குப் போனால் அதற்கு ஒத்து ஊத ஆளும் இருப்பார்.

மேலே சொன்ன மூன்று குறைகளுமே பெரும்பாலும் லென்ஸால் வருபவை. கையில் இருக்கும் பணத்தை லென்ஸில் போடுவது எப்படி, எந்த வரிசையில், எங்கே ஏமாறாமல் என்பதுதான் இந்த அத்தியாயம். கேனான் 1500டி, நிக்கான் டி3500 போன்ற தொடக்கநிலைக் கேமராவும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கும் வழி இதேதான்.

ஒரே ஒரு கணக்கு

தியரி இவ்வளவுதான். கிட் லென்ஸை 55 மி.மீ.க்கு நீட்டினால் அதன் அப்பர்ச்சர் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. மண்டப வெளிச்சத்தில் 1/125 வினாடி வைக்க ஐஎஸ்ஓ 6400 கேட்கிறது என்று வையுங்கள். அதே இடத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 பிரைம் லென்ஸ் (ஜூம் ஆகாத லென்ஸ்) மூன்று ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) சற்று அதிகமாக, ஏறக்குறைய பத்து மடங்கு, ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 640 போதும். புள்ளிகள் போய்விடும்.

இந்த லாபத்தைப் பாடியை மாற்றிப் பெற முடியுமா? உங்கள் கேமராவில் இருக்கும் சிறிய கிராப் சென்சாரிலிருந்து பெரிய ஃபுல் ஃப்ரேமுக்குத் தாவினால் கிடைப்பது ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல். புது ஃபுல் ஃப்ரேம் பாடி பெரும்பாலும் ஒரு லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். கேனானின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் பத்தாயிரத்தை ஒட்டிய விலை. மெகாபிக்சலைப் பற்றியும் கவலை வேண்டாம். 24 மெகாபிக்சல் படத்தை 300 டிபிஐயில் 20 × 13 அங்குலத்துக்கு அச்சடிக்கலாம். 4கே தொலைக்காட்சிக்குத் தேவைப்படுவது வெறும் 8 மெகாபிக்சல்.

ஆயுள் விஷயத்திலும் லென்ஸ் முந்துகிறது. கேனானின் அந்த 50 மி.மீ. லென்ஸின் ஒளியியல் வடிவமைப்பு 1987-ல் வந்தது. 2015-ல் மோட்டாரையும் மேல்பூச்சையும் புதுப்பித்தார்கள், கண்ணாடி அமைப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 1987-ன் கேமராவை இன்று யாரும் தூக்கிக்கொண்டு திரிவதில்லை.

## படி 1: எடுத்த படங்களிடமே கேளுங்கள்

எந்த லென்ஸ் வேண்டும் என்று நண்பரிடம் கேட்டால் அவர் தன்னிடம் இருப்பதைச் சொல்வார். உங்கள் படங்கள் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லும்.

1. கடந்த ஓராண்டில் உங்களுக்குப் பிடித்த நூறு படங்களை ஒரு ஃபோல்டரில் போடுங்கள். கெட்டுப்போனது என்று ஒதுக்கியவற்றில் ஐம்பதை இன்னொரு ஃபோல்டரில் போடுங்கள். அழித்திருந்தால், இனிமேல் ஒரு மாதத்துக்கு அழிக்காதீர்கள்.
2. விண்டோஸில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ் என்று போனால் ஃபோக்கல் லெங்த், அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ நான்கும் தெரியும். லைட்ரூம் இருந்தால் மொத்தமாகவே பிரித்துப் பார்க்கலாம். இலவசமாக வேண்டுமென்றால் டிஜிகேம்.
3. ஒரு தாளில் நான்கு பத்தி கிழித்து எழுதுங்கள்.

எழுதியதைப் படிக்கும் முறை இது. பிடித்த படங்களில் பாதிக்கு மேல் 55 மி.மீ.யிலேயே இருந்தால் உங்களுக்குத் தூரம் பற்றவில்லை. டெலி லென்ஸ் தேடுங்கள். 18-லேயே நின்றால் அகலம் பற்றவில்லை. கெட்ட படங்களில் ஐஎஸ்ஓ 3200-க்கு மேலும் ஷட்டர் 1/60-க்குக் கீழும் இருந்தால் ஒளி பற்றவில்லை. அதற்கு மருந்து எஃப் 1.8 பிரைம். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/500, இருந்தும் முகம் கலங்கி, பின்னால் இருக்கும் சுவர் தெளிவாக இருக்கிறதா? ஃபோகஸ் பிசகியிருக்கிறது. அதற்கு லென்ஸும் வேண்டாம், பாடியும் வேண்டாம். ஒற்றைப் புள்ளி ஃபோகஸை வைத்துக் கண்ணின் மேல் குவித்துப் பழகுங்கள்.

வாங்காமல் ஒரு சோதனை: கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35-ல் வைத்துக் காகித டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் அதிலேயே படமெடுங்கள். அடுத்த வாரம் 50-ல் ஒட்டுங்கள். எந்த வாரம் நிம்மதியாக இருந்ததோ அந்த பிரைம்தான் உங்களுக்கானது.

## படி 2: மவுண்ட்டைச் சரிபாருங்கள்

பணம் வீணாவது அதிகமும் இங்கேதான். அவசரப்பட வேண்டாம்.

நிக்கானில் டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப் அல்லது ஏஎஃப்-டி என்று எழுதியிருக்கும் பழைய லென்ஸ் மாட்டும், படமும் எடுக்கும். ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். விலை மலிவாக இருக்கிறதே என்று 50 மி.மீ. ஏஎஃப்-டியை வாங்கிவிட்டு விழிப்பவர்கள் உண்டு. ஏஎஃப்-எஸ் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். ஏஎஃப்-பி லென்ஸ்கள் சில பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது, எனவே உங்கள் மாடலைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேனானில் இஎஃப் லென்ஸ் கிராப் பாடியிலும் ஃபுல் ஃப்ரேம் பாடியிலும் பொருந்தும். இஎஃப்-எஸ் லென்ஸ் கிராப் பாடிக்கு மட்டும். 2018-ல் வந்த ஆர்எஃப் லென்ஸ்கள் மிரர்லெஸ்ஸுக்கானவை. உங்கள் 1500டியில் எந்த அடாப்டர் போட்டாலும் வேலைக்கு ஆகாது.

எதிர்த்திசையில் மட்டும் வழி திறந்திருக்கிறது. டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடைவெளி அதிகம்: கேனான் இஎஃப்பில் 44 மி.மீ., நிக்கான் எஃப்பில் 46.5 மி.மீ. மிரர்லெஸ்ஸில் கண்ணாடி மடக்கு இல்லாததால் அது ஆர்எஃப்பில் 20, நிக்கான் இசட்டில் 16 மி.மீ. என்று சுருங்கிவிட்டது. அந்த வித்தியாசத்தை நிரப்பும் நடு வெற்றான ஒரு வளையமே அடாப்டர். கேனானின் சொந்த அடாப்டரில் இஎஃப் லென்ஸ்கள் ஆட்டோ ஃபோகஸோடு ஓடும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-எஸ் ஓடும், ஏஎஃப்-டி கையால்தான். இன்று வாங்கும் நல்ல டிஎஸ்எல்ஆர் லென்ஸ் நாளை நீங்கள் மிரர்லெஸ்ஸுக்குப் போனாலும் கூடவே வரும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

லென்ஸில் போடும் பணம் எப்போதும் பத்திரம் என்று நினைத்துவிடவும் கூடாது. மவுண்ட் செத்தால் லென்ஸும் அனாதை. நிக்கான் 1 வரிசை 2011-ல் வந்து 2018-ல் நின்றுபோனது. கேனானின் இஎஃப்-எம் 2012-ல் தொடங்கி 2023-ல் முடிந்தது. சாம்சங் என்எக்ஸ் 2010-ல் வந்து சில ஆண்டுகளில் சந்தையை விட்டே போய்விட்டது. இவற்றில் ஒன்று உங்களிடம் இருந்தால் அதற்குப் புது லென்ஸ் வாங்காதீர்கள். இந்த அத்தியாயத்தின் அறிவுரை உங்களுக்குத் தலைகீழாகப் பொருந்தும்.

## படி 3: முதல் லென்ஸைத் தேர்ந்தெடுங்கள்

"முதலில் ஒரு ஐம்பது வாங்கு" என்பது எல்லோரும் சொல்வது. ஃபிலிம் காலத்திலிருந்து வரும் வாக்கு அது. ஃபுல் ஃப்ரேமுக்குச் சரி. கிராப் பாடியில் ஃபோக்கல் லெங்த்தை நிக்கான், சோனி, ஃபியூஜிக்கு 1.5-ஆலும், கேனானுக்கு 1.6-ஆலும் பெருக்குங்கள். கேனான் 1500டியில் 50 மி.மீ. என்பது 80 மி.மீ. போலத் தெரியும். தனி ஆளின் முகத்துக்கு அருமை. வீட்டுக் கூடத்தில் பிறந்தநாள் கேக்கும் நாலு பேரும் தெரிய வேண்டும் என்றால், முதுகு சுவரில் முட்டும்.

ஆகவே என் சிபாரிசு இப்படிப் போகும். வீடு, குழந்தைகள், தெரு, கோயில் பிரகாரம் என்று எடுப்பவர்கள் நிக்கானில் 35 மி.மீ. எஃப் 1.8 ஜி டிஎக்ஸ் வாங்கலாம். கேனானில் அந்த இடத்தை இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் நிரப்பும், எஃப் 1.8 அளவுக்கு ஒளி விடாது, ஆனால் சட்டைப்பையில் அடங்கும். முகங்களையே அதிகம் எடுப்பவர்களுக்கு 50. கச்சேரி மேடையை மூன்றாவது நான்காவது வரிசையிலிருந்து எடுக்க 85 எஃப் 1.8. ஃப்ளாஷ் போட அங்கே விடமாட்டார்கள், விட்டாலும் போடக் கூடாது.

பறவைக்கு இந்த அளவெல்லாம் காணாது. வேடந்தாங்கல், கூந்தன்குளம் போன்ற இடங்களில் 300 மி.மீ.க்குக் கீழே உள்ள எதுவும் ஏமாற்றம்தான் தரும். டாம்ரானும் சிக்மாவும் 150-600 ஜூம் செய்கிறார்கள். இரண்டு கிலோ எடை, செகண்ட் ஹேண்டிலும் கிடைக்கின்றன. பூச்சி எடுக்க ஆசைப்பட்டால் மேக்ரோ லென்ஸ் வாங்கும் முன் எக்ஸ்டென்ஷன் ட்யூப் ஒரு செட் வாங்கிப் பாருங்கள். உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் குழாய், விலையும் குறைவு. பூச்சியின் பின்னால் தவழ உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா என்று அதுவே சொல்லிவிடும்.

18-300 மாதிரி 'எல்லாத்துக்கும் ஒன்று' லென்ஸ்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. பயணத்துக்கு வசதிதான். ஆனால் நீட்டிய முனையில் எஃப் 6.3 வரை சுருங்கிவிடும். எந்தக் குறைக்காக இந்த அத்தியாயத்தைத் திறந்தீர்களோ அது அப்படியே நிற்கும்.

## படி 4: வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் ஓட்டுங்கள்

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. சின்ன பிரைமுக்கு இது தேவையில்லை. இருபதாயிரத்தைத் தாண்டும் எதையும் வாடகைக்கு எடுக்காமல் வாங்காதீர்கள்.

1. எடுக்கும்போதே கடைக்காரர் முன்னால் லென்ஸை முன், பின், பக்கம் எனச் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது கீறல் தகராறு வராது.
2. அடையாள அட்டையின் நகலைக் கொடுத்தால், அதன் மேல் தேதியையும் எதற்காகத் தருகிறீர்கள் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.
3. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, நீங்கள் வழக்கமாக எடுக்கும் இடத்திலேயே எடுங்கள். மொட்டை மாடியில் பூந்தொட்டியை எடுத்துப் பார்ப்பதால் எதுவும் தெரியாது.
4. தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடங்கள். வாங்கியபின் பீரோவில் தூங்கும் லென்ஸ்களில் பாதி எடையால் தூங்குபவை.

## படி 5: செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

லென்ஸைப் பழசாக வாங்குவது, பாடியைப் பழசாக வாங்குவதை விடப் பயம் குறைந்த காரியம். கெட்டுப்போக அதில் உறுப்புகள் குறைவு. கெட்டதும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். உங்கள் பாடி, சார்ஜ் ஏறிய பேட்டரி, செல்போன் டார்ச், ஒரு மெல்லிய துணி எடுத்துக்கொண்டு பகலில் போங்கள்.

1. பூஞ்சை. இரண்டு மூடியையும் கழற்றி, அப்பர்ச்சரைத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போலவோ வேர் ஓடியது போலவோ கோடுகள் தெரிந்தால் வாங்காதீர்கள். "துடைச்சா போயிடும் சார்" என்பார்கள். துடைத்தாலும் கண்ணாடியின் மேல்பூச்சை அது அரித்திருந்தால் தடம் போகாது.
2. புகைமூட்டம். அதே டார்ச்சில் கண்ணாடி பால் தெளித்தது போல மங்கினால் உள்ளே எண்ணெய் ஆவி படிந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் சாம்பல் பூத்துப்போகும்.
3. தூசி. நாலைந்து துகள் இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம். அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.
4. முன் கண்ணாடியில் கீறல். ஒற்றைக் கீறல் படத்தில் தெரிவது அரிது. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.
5. அப்பர்ச்சர் இதழ்கள். ஏ அல்லது ஏவி மோடில் ஒரு சுவரை எஃப் 1.8, எஃப் 8, எஃப் 16 என்று மூன்று படம் எடுங்கள். மூன்றும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். எஃப் 16 மட்டும் வெளுத்திருந்தால் இதழ்களில் எண்ணெய் ஒட்டி மெதுவாக மூடுகின்றன.
6. நாலு மூலை. பூட்டியிருக்கும் கடையின் ரோலிங் ஷட்டர் இதற்கு நல்ல சோதனைப் பலகை. நேர் எதிரே நின்று, அப்பர்ச்சரைத் திறந்து எடுத்து, நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் கரைந்திருந்தால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. ஃபில்டர் வளையத்தில் நசுங்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள், கதை பொருந்தும்.
7. ஃபோகஸ். கிட்டே ஒன்று, தூரத்தே ஒன்று என்று மாறி மாறிப் பத்துப் பதினைந்து முறை குவியுங்கள். தயங்கினாலோ கரகரத்தாலோ மோட்டார் போகிற வழியில் இருக்கிறது.
8. பில். சீரியல் எண் பில்லிலும் லென்ஸிலும் ஒன்றா என்று பாருங்கள். பில்லே இல்லாத விலை உயர்ந்த லென்ஸ் திருட்டுப் பொருளாக இருக்க வாய்ப்புண்டு.

புது லென்ஸிலும் ஒரு வலை இருக்கிறது. பில் இல்லாமல், வெளிநாட்டிலிருந்து வந்தது என்று இரண்டு மூவாயிரம் குறைத்துத் தருவார்கள். இந்திய வாரண்டி அதற்குச் செல்லாது. மோட்டார் இல்லாத கையால் திருப்பும் லென்ஸுக்கு அந்தத் துணிச்சல் பரவாயில்லை. மோட்டாரும் ஸ்டெபிலைசரும் உள்ள லென்ஸுக்கு வேண்டாம்.

## படி 6: வாங்கியதைக் காப்பாற்றுங்கள்

நம் கடலோர ஊர்களில் லென்ஸின் முதல் எதிரி பூஞ்சை. அதன் வித்துகள் காற்றில் எங்கும் இருப்பவை. வளர வைப்பது ஈரமும் இருட்டும் காற்றோட்டமின்மையும். அதாவது நீங்கள் பத்திரமாக வைத்திருப்பதாக நினைக்கும் கேமரா பை. ஐப்பசி, கார்த்திகையில் பைக்குள் பூட்டி வைத்த லென்ஸைத் தை மாதம் திறந்து பார்ப்பவர்களுக்கு இது தெரியும். தோல் உறை இன்னும் மோசம்.

1. ரப்பர் விளிம்போடு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள். சமையலறைப் பெரிய டப்பாவே போதும்.
2. உள்ளே சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரமானியும் வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். 60-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். 30-க்குக் கீழே போவதும் நல்லதல்ல, உள்ளே போட்ட எண்ணெய்ப் பசை காய்ந்துபோகும்.
3. நிறம் மாறும் ஜெல்லில் ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. எந்த வகையானாலும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.
4. வாரம் ஒரு முறையாவது லென்ஸை எடுத்துப் படமெடுங்கள்.

லென்ஸ்கள் மூன்று நான்கு ஆகிவிட்டால் மின்சார ட்ரை கேபினட் வாங்கலாம். டப்பாவிலோ பையிலோ நாப்தலின் உருண்டை, கற்பூரம் போடக் கூடாது. மழையில் நனைந்த கேமராவை அரிசியில் புதைப்பதும் கூடாது. அரிசித் தூள் உள்ளே போகும். பேட்டரியைக் கழற்றி, துடைத்து, மின்விசிறிக்கு எதிரே வையுங்கள்.

துடைக்கும் வரிசை: முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். அடுத்து மென்தூரிகை. அப்புறமும் கறை இருந்தால் மட்டும் மைக்ரோஃபைபர் துணி, அதில் ஒரு சொட்டு லென்ஸ் திரவம். திரவத்தை நேரே கண்ணாடியில் விடக் கூடாது, ஓரமாக உள்ளே இறங்கிவிடும். வேட்டி நுனி, துப்பட்டா, சட்டை எல்லாவற்றிலும் மண் துகள் இருக்கும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

லென்ஸ் மாற்றும்போது: கேமராவை அணைத்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, பாடியின் வாய் கீழே பார்க்க மாற்றுங்கள். மெரினா மணலில் மாற்றவே வேண்டாம்.

ஏசி அறையிலிருந்து வெளியே: கேமராவை இறுக மூடிய பிளாஸ்டிக் பையோடு வெளியே கொண்டுவந்து, வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறங்கள். உடனே திறந்தால் கண்ணாடியில் வியர்க்கும். அந்த ஈரம் உள்ளேயும் படியும்.

கனமான லென்ஸ்: எடை லென்ஸில் இருந்தால் கையும் லென்ஸில் இருக்கட்டும். பாடியைப் பிடித்துத் தொங்கவிட்டால் மொத்தப் பாரமும் மவுண்ட்டில் விழும். டிரைபாடில் லென்ஸின் காலரைத்தான் மாட்ட வேண்டும்.

சூரியன்: டெலி லென்ஸ் மாட்டிய டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள். கண் போய்விடும். கிரகணம் எடுப்பதானால் லென்ஸின் முன்னால் சூரிய ஃபில்டர் கட்டாயம். எக்ஸ்ரே ஃபிலிமோ கூலிங் கிளாஸோ அதற்கு ஈடாகாது. மூடி போடாத லென்ஸைக் கார் சீட்டில் வெயிலில் விட்டுப் போவதும் ஆபத்து, குவிந்த வெயில் சீட்டைப் பொசுக்கும்.

## பாடியை மாற்ற வேண்டிய நேரம்

அப்படி ஒரு நேரமும் வரும். காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுக்கிறீர்களா? இரண்டு கார்டு போடும் பாடி வாங்குங்கள். ஒரு கார்டு செத்தால் தாலி கட்டும் படத்தை மறுபடி எடுக்க முடியாது. பறக்கும் மீன்கொத்தி, வாடிவாசலைத் தாண்டிப் பாயும் காளை என்று ஓடுவதையே எடுப்பவர்களுக்குப் புதிய மிரர்லெஸ்ஸின் கண்டறிந்து துரத்தும் ஃபோகஸ், லென்ஸால் தர முடியாத ஒன்று. வீடியோதான் பிழைப்பு என்றாலும் பழைய டிஎஸ்எல்ஆரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஷட்டர் தேய்ந்து போனால், சரிசெய்யும் செலவைக் கேட்டுவிட்டு, அதே பணத்துக்கு இன்னொரு பழைய பாடி கிடைக்குமா என்றும் பாருங்கள்.

இந்தக் காரணங்களில் ஒன்றுக்காவது ஆம் என்றால்:

1. உங்கள் லென்ஸ்கள் நேராகவோ அடாப்டரிலோ முழுதாக ஓடும் பாடிகளை மட்டும் பட்டியலிடுங்கள்.
2. அவற்றில் இப்போதைய மாடலுக்கு முந்தையதன் விலையைக் கேளுங்கள். புது மாடல் வந்த சில மாதங்களில் அதன் விலை இறங்கும்.
3. லென்ஸ்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், ஒவ்வொன்றையும் மாட்டி, ஆட்டோ ஃபோகஸ் ஓடுகிறதா என்று அங்கேயே பாருங்கள்.
4. பழைய பாடியை விற்க அவசரப்படாதீர்கள். தொடக்கநிலைப் பாடிக்குச் சொற்பமே தருவார்கள். 35-ஐ அதில் நிரந்தரமாக மாட்டி வைத்தால் மண்டபத்தில் லென்ஸ் மாற்றும் வேலை மிச்சம்.